லீட் ஆசிட்டா, லெட் ஆசிட்டா?

நீங்கள் கேட்டிருப்பது பார்வைக்கு ஒரு கேள்வி, உள்ளே மூன்று. பேட்டரி, இன்வெர்ட்டர் விற்கும் கடையில் வேலை பார்க்கிறீர்கள். முதலாளி "லீட் ஆசிட் பேட்டரி" என்கிறார். கம்பெனியிலிருந்து போனில் பேசுகிறவர் "லெட் ஆசிட்" என்கிறார். யார் சொல்வது சரி? அடுத்து, புது வேலைக்காக எழுதிய பயோடேட்டாவில் "ஆறு பேர் கொண்ட குழுவை நடத்தினேன்" என்பதற்கு எல்-இ-ஏ-டி என்று போட்டீர்கள், நண்பர் தப்பு என்றார். ஏன் தப்பு? மூன்றாவது, பென்சிலுக்குள் இருப்பது லீடா, லெட்டா? இவ்வளவும் கேட்டுவிட்டு, "ஒரு சொல்லுக்கு எதற்கு இரண்டு உச்சரிப்பு?" என்று சலித்துக்கொண்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், முதலாளியைத் திருத்தலாமா என்றும் ஒரு வரி. அந்தச் சலிப்பில்தான் விஷயமே இருக்கிறது, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அது ஒரு சொல் கிடையாது, இரண்டு சொற்கள். எங்கெங்கோ தனித்தனியாகப் பிறந்து வந்தவை, எழுத்தில் மட்டும் எல்-இ-ஏ-டி என்ற ஒரே சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கின்றன. லீட் என்றால் நடத்திச் செல்வது, முன்னே போவது. லெட் என்றால் காரீயம் என்ற உலோகம். நமக்கு இது ஒன்றும் புதிதல்ல. 'பாவம்' என்று எழுதுகிறோம். "பாவம், அந்தப் பிள்ளை" என்று சொல்லும்போது ஒரு ஒலி. கச்சேரி கேட்டுவிட்டு வந்தவர் "ராகம் இருந்தது, தாளம் இருந்தது, பாவம்தான் இல்லை" என்று குறைப்படும்போது அந்த முதலெழுத்து நெஞ்சிலிருந்து அதிர்ந்து வேறு மாதிரி வருகிறது. எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. ஒரு சொல்லுக்கு ஏன் இரண்டு உச்சரிப்பு என்று அங்கே யாரும் கேட்பதில்லை, இரண்டும் வேறு என்று காதுக்குத் தெரியும். ஆங்கிலத்தை நாம் காதால் படிக்காமல் கண்ணால் படித்ததால்தான் இந்தத் தகராறு.

உச்சரிப்பைத் தமிழில் எழுதிக் காட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. லெட் என்று எழுதினால் சிலர் கடைசி எழுத்தைத் 'தட்டு' என்பதில் வருவதுபோல அழுத்திவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் 'விடு, அனுமதி' என்று பொருள்படும் வேறொரு ஆங்கிலச் சொல்லாகிவிடும். 'வீடு' என்று சொல்லிப் பார்த்து, கடைசி உகரத்தை விழுங்கிவிடுங்கள். லீட் அப்படித்தான் முடிய வேண்டும். 'கெடு' என்பதில் உகரத்தை விழுங்கினால் லெட்டின் முடிவு கிடைக்கும். இங்கிலாந்து உச்சரிப்பு, அமெரிக்க உச்சரிப்பு என்ற பிரிவினை இந்தச் சொற்களில் இல்லை. இரண்டு நாட்டிலும் உலோகம் லெட்தான், நடத்துவது லீட்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் மொழியியல் அறிஞன் அல்லன். இளவயதில் 9 ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன், அப்புறம் 26 ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன், நடுநடுவே மொழிபெயர்ப்பும் உண்டு. கீழே வரும் சொல் வரலாறு நூல்களில் படித்தது. பயன்பாடு பற்றிச் சொல்வது கையால் தொட்டது.

சரி, வரலாறு. நடத்துவது என்ற சொல் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. ஜெர்மானியக் குடும்பத்தின் சொத்து, 'போகச் செய்தல்' என்பது அடிப்படைப் பொருள். காந்தக்கல்லைக் குறிக்கும் லோட்ஸ்டோன், திசை காட்டும் நட்சத்திரமான லோட்ஸ்டார், இவற்றில் இருக்கும் லோட் இதற்கு நெருங்கிய உறவு. வழி, பயணம் என்று பொருள். லாரியில் ஏற்றுகிறோமே லோடு, அதுகூட அதே வேரில் கிளைத்ததுதான். உலோகப் பெயருக்கு இந்தக் குடும்பத்தோடு சம்பந்தமே இல்லை. அது கெல்டிக் மொழிகளிலிருந்து கடன் வாங்கியது என்பது ஆய்வாளர்களில் பலருடைய கருத்து. ஐரிஷ் மொழியில் காரீயத்துக்கு இன்றும் இதை ஒத்த பெயர்தான். பலருடைய கருத்து என்றுதான் சொல்கிறேன், முடிந்த முடிவாகச் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேர் என்பதில் மட்டும் ஐயம் கிடையாது.

வேறு வேராக இருந்தும் எழுத்து எப்படி ஒன்றானது? ஐந்நூறு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு இரண்டிலும் இருந்தது கிட்டத்தட்ட ஒரே நெடில், நம் ஏகாரத்தை வாய் திறந்து சொன்னால் வருமே, அப்படி. அந்த நெடிலுக்கு ஆங்கில இ-யையும் ஏ-யையும் சேர்த்து எழுதும் வழக்கம் ஏற்பட்டது. ஆக, அன்றைக்கு எழுத்து நேர்மையாகத்தான் இருந்தது. ஒரே ஒலி, ஒரே எழுத்து. அதற்குப் பிறகு ஒலிகள் நகர்ந்துவிட்டன. நடத்துவதைக் குறித்த சொல்லின் நெடில் மேலே ஏறி ஈகாரமானது. உலோகப் பெயரின் நெடிலோ குறுகி எகரமானது. அது மட்டுமல்ல, ரொட்டி, தலை, நூல், சாவு, மூச்சு இவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை நினைத்துப் பாருங்கள்: பிரெட், ஹெட், திரெட், டெத், பிரெத். எல்லாவற்றிலும் அதே இரட்டை எழுத்து, எல்லாவற்றிலும் குறில். இந்தக் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்ததுதான் லெட். அச்சு இயந்திரம் வந்து எழுத்தை ஏறத்தாழ உறைய வைத்துவிட்டதால், நாக்கு போன இடத்துக்கு எழுத்து போகவில்லை.

ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு இது பழகிய சங்கடம். ஏட்டில் எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில்தான் இருக்கும். குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியம் சொன்னாலும், ஓலை கிழியும் என்று எழுதுகிறவர்கள் வைக்க மாட்டார்கள். படிப்பவர்தான் இடத்தைப் பார்த்துக் குறிலா நெடிலா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். பிற்பாடு வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சீர்திருத்தத்தால் நமக்கு அந்தச் சிரமம் தீர்ந்தது. ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு முனிவர் வாய்க்கவில்லை.

இனி உங்கள் பயோடேட்டா. நண்பர் சொன்னது சரி. நடத்துகிறேன் என்பதற்கு எல்-இ-ஏ-டி, லீட். நடத்தினேன் என்பதற்கு எல்-இ-டி, லெட். இறந்தகாலத்தில் ஏ கிடையாது. நீங்கள் எழுதியபடி படித்தால் காலம் இடறுகிறது, 'நான் நடத்தினேன்' என்று நினைத்து எழுதிய இடத்தில் 'நான் நடத்து' என்று நிற்கிறது. இது உங்கள் ஒருவருடைய பிழை அல்ல. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் அன்றாடம் செய்கிற பிழை, அதற்கு இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, படிப்பதைக் குறிக்கும் ரீட். அதன் இறந்தகாலத்தை ரெட் என்று உச்சரித்தாலும் எழுத்து மாறாது, ஆர்-இ-ஏ-டியே. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று கை பழகிவிடுகிறது. இரண்டாவது பொறி நம் உலோகம். எல்-இ-ஏ-டி என்பதை லெட் என்று ஒலிக்கும் ஒரு சொல் ஏற்கெனவே மனதில் இருப்பதால், கண் அந்தப் பிழையைப் பிழையாகவே பார்ப்பதில்லை. எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளும் பெரும்பாலும் சும்மா இருந்துவிடும், அப்படி ஒரு சொல் அகராதியில் இருக்கிறதே! என் கணக்கில், பழமையான வடிவத்தைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக இருப்பது லெட்தான், ரீட்தான் முரண்டு பிடிக்கிறது. ஊட்டுவதற்கு ஃபீட், ஃபெட், ரத்தம் கசிவதற்கு பிளீட், பிளெட், இனம் பெருக்குவதற்கு பிரீட், பிரெட் என்று அந்த வரிசையில் எல்லாமே இறந்தகாலத்தில் ஒற்றை இ-யோடு நிற்கின்றன.

இதோடு ஒட்டிய ஒரு வேடிக்கை. தவறாக வழிநடத்தப்பட்டான் என்பதற்கு மிஸ்லெட் என்று ஒரு சொல் உண்டு, எம்-ஐ-எஸ்-எல்-இ-டி. அதை எழுத்தில் மட்டுமே பார்த்துப் பழகிய எத்தனையோ பேர் மைசில்டு என்று வாய்க்குள் படித்துக்கொண்டு, அப்படி ஏதோ ஒரு வினை இருப்பதாக வருடக்கணக்கில் நம்பியிருக்கிறார்கள். ஆங்கிலேயர்களே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்ளும் பிழை இது. வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு ஆண்டும் பின்வரிசையில் ஒரு முகமாவது திடுக்கிடும்.

லீட் குடும்பம் பெரியது. அதையெல்லாம் இங்கே அடுக்கினால் அகராதி ஆகிவிடும். சாலை ஓரிடத்துக்கு இட்டுச் செல்வது, கவனக்குறைவு விபத்தில் கொண்டுபோய் விடுவது, வாக்கு எண்ணிக்கையன்று தொலைக்காட்சியில் ஓடும் முன்னிலை, குழுத் தலைவரான டீம் லீட், படத்தின் முதன்மைப் பாத்திரம், போலீசாருக்குக் கிடைத்த துப்பு, விற்பனையாளருக்குக் கிடைத்த வாடிக்கையாளர் முகவரி, ஆர்டர் கொடுத்ததிலிருந்து சரக்கு வந்து சேரும்வரை ஆகும் லீட் டைம், நாயைக் கட்டிப் பிடித்துப்போகும் வார், கருவியிலிருந்து நீளும் ஒயர், எல்லாம் லீட். எல்லாவற்றிலும் 'முன்னே போய் இழுத்துச் செல்லுதல்' என்ற கரு இருக்கிறது. 1969இல் தொடங்கிய லீட் பேங்க் திட்டத்தை நம் மாவட்டங்களில் 'முன்னோடி வங்கி' என்று பெயர்த்தார்களே, அது அழகான மொழிபெயர்ப்பு. முன்னே ஓடுவது, பிறவற்றைப் பின்னே அழைத்துவருவது, இரண்டும் அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டன.

இந்தக் குடும்பத்தில் நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது லீடிங் கொஸ்டின். அதை 'முக்கியமான கேள்வி' என்று பத்திரிகைகளில்கூட எழுதுகிறார்கள். சட்டத்தில் அதற்குக் குறிப்பான பொருள் உண்டு. கேட்பவர் எந்த விடையை எதிர்பார்க்கிறாரோ அதைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 141ஆம் பிரிவில் இப்படித்தான் வரையறுத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய சட்டத்திலும் அந்தக் கருத்து மாறவில்லை. "அன்று இரவு நீங்கள் அவரைக் கத்தியோடு பார்த்தீர்கள் அல்லவா?" என்று கேட்டால் அது லீடிங். "அன்று இரவு என்ன பார்த்தீர்கள்?" என்றால் அல்ல. குறுக்கு விசாரணையில் முதல் வகையை அனுமதிப்பார்கள், தன் தரப்புச் சாட்சியை விசாரிக்கும்போது பொதுவாக அனுமதிக்க மாட்டார்கள். சாட்சியின் கையைப் பிடித்து இழுத்துப்போவதால் அந்தப் பெயர்.

லெட் குடும்பம் சின்னது, ஆனால் கதை அதிகம். காரீயத்தின் வேதியியல் குறியீடு பிபி, அணு எண் 82. லத்தீனில் பிளம்பம் என்று பெயர், குறியீடு அதிலிருந்து வந்தது. ரோமானியர்கள் தண்ணீர்க் குழாயைக் காரீயத்தில் செய்தார்கள், அந்த வேலை செய்தவரின் வாரிசுதான் இன்று நம் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வரும் பிளம்பர். கொத்தனார் சுவரின் நேர் பார்க்கத் தொங்கவிடும் தூக்குக்குண்டுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பிளம்ப் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். கப்பல்களில் ஆழம் பார்க்க ஒரு காரீயக் குண்டைக் கயிற்றில் கட்டிக் கீழே விடுவார்கள், அதற்கும் லெட் என்றே பெயர். குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் கொழுப்பைத் தடவி இறக்கினால் கடலடி மணலோ சேறோ ஒட்டிக்கொண்டு மேலே வரும், ஆழமும் தெரியும், தரையும் தெரியும். மிசிசிப்பி ஆற்றுப் படகில் இப்படி ஆழம் பார்க்கிறவர் இரண்டு பாகம், அதாவது 12 அடி இருந்தால் "மார்க் ட்வெய்ன்" என்று குரல் கொடுப்பார். படகு ஓட்டியாக வேலை பார்த்த சாமுவேல் கிளெமன்ஸ் பிற்பாடு அந்தக் குரலையே தன் புனைபெயராக வைத்துக்கொண்டார்.

உடம்பு சரியில்லை என்று நடித்து வேலைக்கு டிமிக்கி கொடுப்பதை 'ஸ்விங் த லெட்' என்பார்கள். ஆழம் பார்க்கிறவன் குண்டை நீருக்குள் விடாமல் சும்மா ஆட்டிக்கொண்டிருந்தான், அதிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் எங்கும் சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆழம் பார்க்கிறவன் ஏமாற்றினால் கப்பல் தரைதட்டும், அவனும் சேர்ந்து மூழ்குவான். அந்த வேலையில் யார் டிமிக்கி கொடுப்பார்கள்? மேலும் இந்தத் தொடர் பரவலாகப் புழங்கத் தொடங்கியது முதல் உலகப்போர்க் காலத் தரைப்படை வீரர்களின் பேச்சில். ஆகவே இந்தக் கதையை நான் வகுப்பில் சொல்வதில்லை. பொருள் உறுதி, பிறப்புக் கதை சந்தேகம்.

ஓர் எழுத்தை எடுத்தே குழப்பத்தைத் தீர்த்தவர்கள் உண்டு. 1968இல் லண்டனில் ஒரு ராக் இசைக்குழு உருவானது. 'காரீய பலூன் மாதிரி கீழே விழும்' என்று யாரோ கிண்டலடித்ததிலிருந்து பெயர் வைத்தார்கள், லெட் செப்பெலின். எழுத்துப்படி எல்-இ-ஏ-டி வரவேண்டும். அப்படி எழுதினால் ரசிகர்கள் லீட் செப்பெலின் என்று படித்துவிடுவார்கள் என்று பயந்து ஏ-யைத் தூக்கிவிட்டார்கள். ஆங்கிலேயருக்கே இந்தப் பயம் இருந்தது என்றால் உங்கள் முதலாளியை நான் எப்படிக் குறை சொல்வேன்?

பென்சிலுக்கு வருவோம். உச்சரிப்பு லெட். ஆனால் உள்ளே காரீயம் துளியும் இல்லை, முன்பும் இருந்ததில்லை. இங்கிலாந்தின் வடமேற்கில் பாரோடேல் என்ற பள்ளத்தாக்கில் 16ஆம் நூற்றாண்டில் கரிய, வழவழப்பான, தாளில் கோடு இழுக்கும் பொருள் ஒன்று கிடைத்தது. பார்க்கக் காரீயம் போலிருந்ததால் கருங்காரீயம் என்று பொருள்பட 'பிளாக் லெட்' என்றார்கள். 1779இல் ஷீலே என்ற வேதியியலாளர் அது ஒருவகைக் கரி என்று காட்டினார். அதற்குப் பத்து ஆண்டு கழித்து, எழுதுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து கிராஃபைட் என்று பெயர் வந்தது. அறிவியல் பெயரை மாற்றியது, பேச்சு மாறவில்லை. ஜெர்மானியர்கள் இன்றும் பென்சிலைக் காரீயக்குச்சி என்று பொருள்படும் சொல்லால்தான் குறிக்கிறார்கள். ஆகவே பிள்ளை பென்சிலைக் கடித்தால் காரீய நஞ்சு ஏறிவிடும் என்ற பயம் வேண்டாம். பழைய பென்சில்களின் மேல்பூச்சு வண்ணத்தில் காரீயம் இருந்திருக்கலாம், அது வேறு கதை.

அச்சகத்தில் நான் முதல் வாரம் கற்றுக்கொண்டது ஒரு லெட். எழுத்துகளைக் கோக்கும்போது வரிக்கும் வரிக்கும் இடைவெளி விட, எழுத்து உயரத்தைவிடத் தாழ்ந்த மெல்லிய காரீயப் பட்டையைச் செருகுவோம். அதற்குப் பெயர் லெட், செருகுவதற்கு லெடிங். கணினியில் பக்கம் வடிவமைக்கிறவர்கள் இன்றும் வரி இடைவெளியை அதே எழுத்தால் குறிக்கிறார்கள், ஆனால் பல இளைஞர்கள் லீடிங் என்று படிக்கிறார்கள். முன்னணி என்ற பொருளில் வரும் லீடிங்கும் எழுத்தில் இதுவேதான், பாவம் அவர்கள் என்ன செய்வார்கள். பட்டையைக் கையில் தொட்டவனுக்கு இந்தக் குழப்பம் வராது. அச்செழுத்தும் காரீயம், ஆண்டிமனி, வெள்ளீயம் மூன்றும் கலந்த உலோகம்தான். மாலையில் கைகழுவும்போது தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடும். அன்றைக்கு அதன் ஆபத்தை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இதே அச்சுக்கூடத்தோடு சேர்த்து ஒரு கதை சொல்வார்கள். செய்தியின் முதல் பத்திக்குப் பத்திரிகை மொழியில் லீட் என்று பெயர். அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் பலர் அதை எல்-இ-டி-இ என்று எழுதுகிறார்கள். காரீயப் பட்டையோடு குழம்பாமல் இருக்கவே வேண்டுமென்று இப்படி மாற்றி எழுதினார்கள் என்பது வழக்கமான விளக்கம். இன்னொரு சாரார், காரீய அச்சு மறைந்த பிறகு பழையதை நினைத்து ஏங்கியவர்கள் பரப்பிய எழுத்து இது என்கிறார்கள். என் அனுபவத்தில் புரூஃபில் 'லெட் சேர்' என்று எழுதினால் எழுத்துக் கோக்கும் எந்தக் கம்பாசிட்டரும் முதல் பத்தி என்று நினைத்ததில்லை. அதற்காக அமெரிக்க அச்சகத்துக்கு நான் சாட்சி சொல்ல முடியாது.

அப்புறம் தமிழில் நாம் மாட்டிக்கொள்ளும் இடம். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து, இரண்டு சொல் என்றால், நம்மிடம் ஒரு சொல், இரண்டு உலோகம். ஈயம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு. ரோமானியர்களும் இதையே கரும் பிளம்பம், வெண் பிளம்பம் என்றுதான் பிரித்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொண்டு அமைப்புக்காக உடல்நலத் துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்த்தேன். லெட் என்று வந்த இடத்திலெல்லாம் 'ஈயம்' என்று போட்டேன், 'ஈயம் நஞ்சு, பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை'. அச்சாகி வந்த மறுவாரம் என் அத்தையே போன் செய்தார்: "ஏன்டா, அறுபது வருசமா ஈயச்சொம்புல ரசம் வைக்கிறேன், இப்ப என்ன செய்யச் சொல்றே?" ஈயச்சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம். என் ஒரு சொல்லால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. காரீயம் என்று எழுதியிருக்க வேண்டும். அத்தையிடம், சொம்பு உண்மையான வெள்ளீயம்தானா, காரீயக் கலப்பு உண்டா என்று நம்பகமான இடத்தில் பார்த்து வாங்கியதா என்று மட்டும் கேட்டேன். "உங்க தாத்தா வாங்கினது" என்று வைத்துவிட்டார்.

உங்களுக்குப் பயன்படும் சோதனை ஒன்று. அந்த எழுத்து வரும் இடத்தில் 'காரீய' என்று போட்டுப் பாருங்கள். பொருள் வந்தால் லெட், வராவிட்டால் லீட். காரீய பெயின்ட், காரீயக் குழாய், பொருந்துகிறது. காரீய நடிகர், காரீய டைம், பொருந்தவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் இது போதும். மீதி இடத்தில் ஆளைப் பார்க்க வேண்டும். 'ஷீட்' என்பதோடு சேர்ந்து வந்தால், இசைக்கலைஞர் கையில் அது லீட் ஷீட், பாட்டின் மெட்டு எழுதிய தாள். எக்ஸ்ரே அறை கட்டுகிறவர் கையில் லெட் ஷீட், காரீயத் தகடு. மருத்துவமனையில் ஒரே தாழ்வாரத்தில் இரண்டும் இருக்கும். எக்ஸ்ரே எடுப்பவர் மாட்டியிருப்பது லெட் ஏப்ரன், பக்கத்து அறையில் இதயத்துக்கு எடுப்பது 12 லீட் ஈ.சி.ஜி. (அதில் உடம்பில் ஒட்டுவது 10 மட்டுமே. 12 என்பது ஒயரின் எண்ணிக்கை அல்ல, இதயத்தைப் பார்க்கும் கோணங்களின் எண்ணிக்கை.)

காரீயச் சோதனையே கவிழும் இடமும் உண்டு. அமெரிக்காவில் சுரங்கத்தால் பிறந்த இரண்டு ஊர்கள். கொலராடோவில் இருப்பது லெட்வில், வெள்ளியும் காரீயமும் கலந்த தாது கிடைத்த ஊர். தெற்கு டகோட்டாவில் எல்-இ-ஏ-டி என்ற நான்கு எழுத்தையே பெயராகக் கொண்ட ஊர் ஒன்று இருக்கிறது, அதை லீட் என்றுதான் சொல்ல வேண்டும். சுரங்கக்காரர்கள் தாது ஓடும் நாளத்துக்கு லீட் என்பார்கள், அதைப் பின்பற்றிப் போனால் புதையல் கிடைக்கும் என்பதால். அங்கே கிடைத்தது தங்கம்.

இனி உங்கள் கடை. பேட்டரியின் உள்ளே தகடுகள் காரீயம், 1859இல் பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர் செய்து காட்டியதிலிருந்து அப்படித்தான். ஆகவே லெட் ஆசிட்தான் சரி, கம்பெனிக்காரர் சொல்வதுதான் சரி. அதே பேட்டரியின் முனையிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் ஒயர் லீட். பெட்ரோல் விஷயத்திலும் இதே கதை நடந்தது. 1995இல் நான்கு பெருநகரங்களில் காரீயமில்லாத பெட்ரோல் வந்தபோது பெட்ரோல் பங்குகளில் 'அன்லீடட்' என்றே கேட்டார்கள், போட்டார்கள். 2000இல் நாடு முழுவதும் அதுவே ஆனபிறகு சொல்லவே தேவையில்லாமல் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், எங்கள் தெரு ரேடியோ மெக்கானிக் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், பற்றவைக்கும் கம்பியைப் பிசகில்லாமல் 'லெட்டு' என்பார். அவர் அதைக் காதால் கற்றவர். எலெக்ட்ரானிக்ஸ் படித்த அவர் மகன் புத்தகத்தில் பார்த்து லீட் என்பான்.

முதலாளியைத் திருத்தலாமா என்று கேட்டீர்களே. வாடிக்கையாளர் முன்னால் வேண்டாம். நம் ஊர்ச் சந்தையில் பாதிப்பேர் லீட் ஆசிட் என்றுதான் சொல்கிறார்கள், அதனால் யாரும் தப்பான பேட்டரியை வாங்கிப் போனதில்லை. கம்பெனிக்குப் போன் போடும்போது நீங்கள் லெட் என்று சொல்லிக்கொண்டிருங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதில் தானாக விழும். பயோடேட்டாவில் உள்ள அந்த ஏ-யை மட்டும் அனுப்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.